பி.ஃபார்ம் படிச்சுட்டேன், அமெரிக்க ஃபார்மசி ஸ்கூல்ல எத்தன வருஷம் கழிப்பாங்க?

டெக்சஸ்ல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் வேணாம்னு சொன்னதால போடல, கடிதம் நீளம், அதனால சுருக்கித் தர்றேன்.

"அக்கா, 2015ல எம்ஜிஆர் யூனிவர்சிட்டில பி.ஃபார்ம் முடிச்சேன். 68 பர்சென்ட், ஆர்கானிக் கெமிஸ்ட்ரில ஒரு அரியர் வச்சு எழுதினேன். அப்புறம் ஒரு மாத்திரை கம்பெனில ரெண்டு வருஷம் க்யூசி, அதாவது மருந்து தரம் பாக்குற வேலை. கல்யாணம் ஆகி இங்க வந்து ஆறு வருஷமாச்சு, வீட்டுக்காரரோட வேலை விசாவ ஒட்டி வர்ற எச்-4ல இருக்கேன், இப்பதான் வேலை பாக்குற அனுமதி, ஈஏடி, வந்திருக்கு, பையனுக்கு 4 வயசு. ஃபார்மசிஸ்ட் ஆகணும்னு ஆசை. ஏற்கனவே 4 வருஷம் படிச்சிருக்கேனே, இங்க ஃபார்மசிஸ்ட் ஆகப் படிக்குற 4 வருஷ ஃபார்ம்.டில நேரா மூணாவது வருஷம் சேர முடியுமா? ஒரு கோச்சிங் காரர் ஃபார்மசி ஸ்கூல் நுழைவுத் தேர்வான பிகாட் எக்ஸாமுக்கு 900 டாலர் கேக்குறாரு, சேரலாமா? என் மார்க் பத்துமா? போன வருஷம் கம்யூனிட்டி காலேஜ்ல மெடிக்கல் கோடிங் ஒரு கிளாஸ் எடுத்து பாதில விட்டுட்டேன், டிரான்ஸ்கிரிப்ட்ல டபிள்யூ, அதாவது பாதில விலகினதுன்னு ஒரு குறி விழுந்திருக்கு, அத சொல்லாம விட்டுடலாமா?"

முதல்ல அந்த 900 டாலர காப்பாத்திடுறேன். பிகாட்னு ஒரு எக்ஸாமே இப்ப கிடையாதும்மா, 2024 ஜனவரியோட அத மூடிட்டாங்க, அதுக்கு முன்னாடியே நெறைய ஸ்கூல் அத கேக்குறத விட்டுட்டாங்க. அவருக்கு இது தெரியாதுன்னா கோச்சிங் நடத்தத் தகுதியில்ல, தெரிஞ்சே கேக்குறாருன்னா இன்னும் மோசம், எப்படிப் பாத்தாலும் பணம் குடுக்காதீங்க.

அடுத்தது கொஞ்சம் வலிக்கும். நேரா மூணாவது வருஷம் கிடைக்காது, பெரும்பாலான ஸ்கூல்ல ஒரு வருஷம்கூட கழிக்க மாட்டாங்க. எனக்கு இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வருது, எல்லாரும் உங்க மாதிரியேதான் கேக்குறாங்க, ஏன்னா நம்ம ஊருல டிப்ளமோ முடிச்சவங்க பி.ஃபார்ம்ல நேரா ரெண்டாவது வருஷம் சேர்றத பாத்திருக்கோம், அதே கணக்கு இங்கயும் ஓடும்னு நெனைக்கிறோம். இங்க ஃபார்ம்.டிங்கறது, ஃபார்மசி படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற ஏசிபிஇ அமைப்போட அங்கீகாரம் வாங்கின பாடத்திட்டம், அந்த 4 வருஷத்துல மருந்தப் பத்தின பாடம், தெரப்யூட்டிக்ஸ், சட்டம், நோயாளிகிட்ட பேசுற பயிற்சி எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணா பின்னி வச்சிருக்காங்க, வெளிநாட்டுல படிச்ச ஒரு பேப்பர காட்டி ஒரு இழைய மட்டும் உருவ முடியாது.

நான் வந்த கதைய வச்சு யாராவது உங்களுக்கு நம்பிக்கை குடுத்திருந்தா அதையும் தெளிவுபடுத்திடுறேன். நான் 1998ல பி.ஃபார்ம் முடிச்சவ. நான் ஸ்கூலுக்கே போகல, வெளிநாட்டு ஃபார்மசி பட்டதாரிகளுக்குன்னு இருக்குற எஃப்பிஜிஇசி சர்ட்டிபிகேட்ட வாங்கி, இன்டர்ன்ஷிப் மணிநேரம் முடிச்சு, லைசென்ஸ் எக்ஸாம் எழுதி உள்ள வந்துட்டேன். அந்தக் கதவு எங்க பேட்ச்சுக்குத்தான் தெறந்திருந்துச்சு. 2003 ஜனவரி 1 தேதிக்கு அப்புறம் முடிச்சவங்கன்னா படிப்பு குறைஞ்சது 5 வருஷம் இருக்கணும்னு விதி வந்துடுச்சு, நம்ம பி.ஃபார்ம் 4 வருஷம், அவ்ளோதான், உங்க தப்பு ஒண்ணுமில்ல. நம்ம ஊருல 2008ல ஆரம்பிச்ச 6 வருஷ ஃபார்ம்.டி படிச்சவங்களுக்கு அந்தக் கதவு இன்னும் தெறந்துதான் இருக்கு, பி.ஃபார்ம்க்கு மேல 3 வருஷம் போஸ்ட் பேக்கலாரியேட் ஃபார்ம்.டி பண்ணவங்களும் அந்த வழில வர்றாங்க. ஆனா 4 வயசுப் பையன விட்டுட்டு நீங்க ஊருக்குப் போய் மூணு வருஷம் உக்கார முடியுமா? அதனால உங்களுக்கு இங்க ஏசிபிஇ அங்கீகாரம் உள்ள ஸ்கூல்தான் வழி. வெளிநாட்டு ஃபார்மசி டிகிரி உள்ளவங்களுக்குன்னே கொலராடோ யூனிவர்சிட்டியும் ஃப்ளோரிடால நோவா சவுத்ஈஸ்டர்னும் சுருக்கின ஃபார்ம்.டி நடத்துனாங்க, இந்த வருஷம் யார சேக்குறாங்க, என்ன கேக்குறாங்கன்னு அவங்க அட்மிஷன் ஆபீஸுக்கே ஒரு மெயில் போட்டுக் கேளுங்க, கேக்குறதுல நஷ்டமில்ல. ஆனா அத நம்பி மத்ததெல்லாம் நிறுத்தி வைக்காதீங்க.

இப்ப அட்மிஷனுக்கு வருவோம். இங்க உங்க டிகிரி பேர பாக்க மாட்டாங்க, கோர்ஸ் பேர பாப்பாங்க. இத புரிஞ்சுக்கிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது. ஒவ்வொரு ஸ்கூலும் முன்கூட்டியே முடிச்சிருக்க வேண்டிய கோர்ஸ் பட்டியல் ஒண்ணு வச்சிருக்கும், ப்ரீரெக்விசிட்னு சொல்றது, கிட்டத்தட்ட ரெண்டு வருஷப் படிப்பு, 60 கிரெடிட்டுக்கு மேல வரும். ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர் லேபோட, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ரெண்டு செமஸ்டர் லேபோட, பயாலஜி, அனாடமி பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ் காம்போசிஷன், மேடைப் பேச்சு, இதுல சில ஸ்கூல் பயோகெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ், எகனாமிக்ஸ், சைக்காலஜி சேப்பாங்க, சில ஸ்கூல் விட்டுடுவாங்க. எல்லாத்துலயும் சி-க்கு கீழ போகக்கூடாதுங்கறது பொதுவான கணக்கு, சி மைனஸ ஏத்துக்காத இடம்தான் அதிகம்.

ஒரு எக்செல் ஷீட் தெறங்க, இடது பக்கம் அவங்க கேக்குற கோர்ஸ், வலது பக்கம் உங்க மார்க் ஷீட்ல இருக்குற பேப்பர். உங்களுக்காக நானே கொஞ்சம் போட்டுப் பாத்தேன். முதல் வரி ஜெனரல் கெமிஸ்ட்ரி. வலது பக்கம் என்ன போடுவீங்க, ஃபார்மசூட்டிக்கல் இனார்கானிக் கெமிஸ்ட்ரியா? அதுல நம்ம என்ன பண்ணோம்னு ஞாபகம் இருக்கா, நெஸ்லர் சிலிண்டர் ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சு குளோரைடு லிமிட் டெஸ்ட், சல்ஃபேட் லிமிட் டெஸ்ட், கலங்கல் கூடவா கொறச்சலான்னு மேல இருந்து குனிஞ்சு பாத்துட்டு ரெக்கார்ட்ல எழுதினோம். இங்க ஜெனரல் கெமிஸ்ட்ரின்னா ஸ்டாய்கியோமெட்ரி, கேஸ் லா, தெர்மோகெமிஸ்ட்ரி, ஈக்விலிப்ரியம், அதாவது நம்ம பிளஸ் டூல படிச்சது. பிளஸ் டூ மார்க் ஷீட் இங்க காலேஜ் கிரெடிட் ஆகாது. ஆக உங்களுக்குத் தெரிஞ்ச பாடம், ஆனா பேப்பர்ல இல்லாத பாடம், திரும்ப எடுக்கணும். பயாலஜியும் அதே கதை, பிளஸ் டூல படிச்சீங்க, பி.ஃபார்ம்ல பொது பயாலஜின்னு ஒரு பேப்பர் இல்ல. ஆனா ஆர்கானிக், மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, அனாடமி இதெல்லாம் பொருந்த வாய்ப்பு இருக்கு. இங்கிலீஷ், ஸ்பீச், எகனாமிக்ஸ் வரியெல்லாம் சுத்தமா காலி. சில ஸ்கூல் கைல ஒரு பேச்சிலர் டிகிரி இருந்தா இந்த ஹ்யுமானிட்டீஸ் வகை கோர்ஸ தள்ளுபடி பண்ணிடுவாங்க, வெளிநாட்டு டிகிரிக்கும் அந்தத் தள்ளுபடி உண்டான்னு கேளுங்க, உங்க பி.ஃபார்ம் உங்களுக்கு உருப்படியா மிச்சம் பண்ணிக் குடுக்குற இடம் அதுதான்.

இன்னொரு சிக்கல், நெறைய பேர் கடைசில போய் மாட்டிக்கிறது. சயின்ஸ் கோர்ஸுக்கு வயசு வரம்பு வச்சிருக்குற ஸ்கூல் உண்டு, 5 வருஷம், 7 வருஷம், 10 வருஷம்னு ஆளுக்கு ஒரு கணக்கு. நீங்க ஆர்கானிக் எழுதினது 2012 வாக்குல இருக்கும். அதனால பொருந்துற பேப்பர்கூட காலாவதி ஆகியிருக்கலாம். வெளிநாட்டு கிரெடிட்டையே ப்ரீரெக்விசிட்டா எடுத்துக்காத ஸ்கூலும் இருக்கு. அந்த ஷீட்ட நீங்க போகக்கூடிய தூரத்துல இருக்குற நாலஞ்சு ஸ்கூலுக்கு மெயில்ல அனுப்பி, என் நிலமை இது, எதெல்லாம் திரும்ப எடுக்கணும்னு எழுத்துல பதில் வாங்குங்க. போன்ல சொன்னத நம்பாதீங்க, அடுத்த வருஷம் அந்த சீட்ல வேற ஒருத்தர் உக்காந்திருப்பாரு.

திரும்ப எடுக்க கம்யூனிட்டி காலேஜ் போதும், செலவும் கொறச்சல். ஆனா வரிசை முக்கியம். ஜெனரல் கெமிஸ்ட்ரி ஒண்ணு முடிச்சாத்தான் ரெண்டு, ரெண்டு முடிச்சாத்தான் ஆர்கானிக் ஒண்ணு, அப்புறம் ஆர்கானிக் ரெண்டு, ஆக நாலு செமஸ்டர் சங்கிலி, நீங்க எவ்ளோ கெட்டிக்காரியா இருந்தாலும் சுருக்க முடியாது, சம்மர்ல எடுத்தா கொஞ்சம் முன்னாடி முடியும். சம்மர்ல ஆர்கானிக் மட்டும் வேணாம், 16 வாரப் பாடத்த கொஞ்ச வாரத்துல அமுக்குவாங்க, வீட்ல சின்னப் பையன் வேற. எல்லாம் முடியட்டும் அப்புறம் அப்ளை பண்ணலாம்னு காத்திருக்கவும் வேணாம். ஃபார்ம்காஸ்னு ஒரு பொது அப்ளிகேஷன் போர்ட்டல் இருக்கு, வருஷா வருஷம் ஜூலை வாக்குல தெறக்கும், அடுத்த வருஷ ஃபால் சேர்க்கைக்கு. பாதி கோர்ஸ் முடிஞ்சு மீதி நடந்துக்கிட்டிருக்கும்போதே அதுல போடலாம், நடக்குறது இது, எடுக்கப்போறது இதுன்னு காட்ட இடம் இருக்கு. நெறைய ஸ்கூல் வர்ற வரிசைல சீட்ட நெரப்பிக்கிட்டே போறதுனால, சீக்கிரம் போடுறவங்களுக்கு சீட்டும் ஸ்காலர்ஷிப்பும் கிடைக்குற வாய்ப்பு அதிகம்.

மார்க் பத்தி ரொம்ப பயப்படுறீங்க. 68ங்கறத பாத்து நீங்களே டி கிரேடுனு நெனச்சுக்கிட்டீங்க போல, அப்படியில்ல. நம்ம யூனிவர்சிட்டி மார்க்க வெஸ், ஈசிஇ மாதிரி எவாலுவேஷன் பண்றவங்க நம்ம ஊரு அளவுகோல்லயே மாத்துவாங்க, 60க்கு மேல ஃபர்ஸ்ட் கிளாஸ்ங்கறது அவங்களுக்கும் தெரியும், பெரும்பாலும் நல்ல கிரேடாத்தான் வரும். மறக்காம கோர்ஸ் வாரியா எவாலுவேஷன் கேளுங்க, டிகிரிக்கு மட்டும் பண்ற சின்ன ரிப்போர்ட் எதுக்கும் ஆகாது. பல ஸ்கூல் குறைஞ்சபட்சம்னு 2.5 ஜிபிஏ போட்டிருப்பாங்க, நடைமுறைல 3.0க்கு மேல இருந்தா நிம்மதி. அரியர மறைக்க வழியும் கிடையாது, அவசியமும் கிடையாது, அதே ஆர்கானிக்க இங்க எடுத்து ஏ வாங்கினா அந்த அரியர் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா இங்க எடுக்குற கோர்ஸ்ல கவனமா இருங்க, ஒரு தடவ சி வாங்கி திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் ஃபார்ம்காஸ் ரெண்டையும் சேத்துத்தான் ஜிபிஏ போடும், உங்க காலேஜ் பழைய கிரேட அழிச்சிருந்தாக்கூட.

டபிள்யூ விஷயம், சொல்லியே ஆகணும். நீங்க ஒரு நாள் போய் உக்காந்த காலேஜா இருந்தாலும் டிரான்ஸ்கிரிப்ட் வரணும், எல்லா காலேஜையும் சொல்லிட்டேன்னு கையெழுத்து போட்டுத்தான் அப்ளிகேஷன் அனுப்புறீங்க. ஒரு டபிள்யூவால யாருக்கும் சீட் போனதா நான் பாத்ததில்ல. மறைச்சது தெரிஞ்சு குடுத்த சீட்ட திரும்ப வாங்கினத பாத்திருக்கேன். லைசென்ஸ் வாங்கி மயக்க மருந்து, ஓபியாய்டு பெட்டி சாவிய கைல வச்சிருக்கப்போற ஆளு, அதனால இந்த விஷயத்துல ரொம்ப கறாரா இருப்பாங்க.

பர்சனல் ஸ்டேட்மெண்ட்னு ஒண்ணு எழுதணும், இடைவெளி சேத்து 4500 கேரக்டர்தான் இடம், ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் மேல. நான் ஒரு ஸ்கூல்ல பல வருஷமா இன்டர்வியூ பேனல்ல உக்காந்திருக்கேன், படிச்சுப் படிச்சு எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு: சின்ன வயசுல இருந்தே மக்களுக்கு உதவணும்னு ஆசை, பாட்டிக்கு சுகர், அதப் பாத்து மருந்துல ஆர்வம் வந்துச்சு. உங்ககிட்ட அத விட நல்ல சரக்கு இருக்கு, அதப் பத்தி கடிதத்துல ஒரே வரிதான் எழுதியிருக்கீங்க. ரெண்டு வருஷம் க்யூசில இருந்தீங்கல்ல, டிசல்யூஷன் மெஷின் முன்னாடி 6 பாத்திரத்துல 6 மாத்திரைய போட்டுட்டு, நேரம் பாத்து சாம்பிள் உறிஞ்சி எடுத்துக்கிட்டு நின்னிருப்பீங்க. என்னைக்காவது அஞ்சு கரைஞ்சு ஒண்ணு கரையாம நின்னுருக்கும், மேல ஃபோன் போட்டிருப்பீங்க, டிஸ்பாட்ச் அவசரம்னு யாராவது முறைச்சிருப்பாங்க, அப்ப நீங்க என்ன பண்ணீங்க? அத எழுதுங்க. அந்த மாத்திரைய முழுங்கப்போற ஆளு யாருன்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியாது, இப்ப அந்த ஆளுகிட்ட நேரா பேசணும்னு தோணுச்சுன்னா, எதுக்கு ஃபார்மசி ஸ்கூல்ங்கறதுக்கு அதுவே பதில். அப்படி எதுவும் நடக்கலன்னா கதை கட்டாதீங்க, இன்டர்வியூல ரெண்டாவது கேள்விலயே அவுந்துடும்.

இன்டர்வியூ கட்டாயம். நெறைய இடத்துல சின்னச் சின்ன ரூமா, ஒவ்வொண்ணுலயும் ஒரு சூழ்நிலை குடுத்துப் பேசச் சொல்லுவாங்க. நம்ம ஊரு பி.ஃபார்ம் காரங்க சறுக்குற இடம் இது. ஒரு தடவ குடுத்த சூழ்நிலை: ஒருத்தர் வலி மாத்திரைய பத்து நாள் முன்னாடியே ரீஃபில் கேட்டு கவுண்டர்ல நிக்குறாரு, கோவமா இருக்காரு. எதிர்ல உக்காந்திருந்த பொண்ணு நம்ம ஊரு, நல்லா படிச்ச பொண்ணு, அந்த மருந்து எந்த ரிசெப்டர்ல ஒட்டுது, எத்தன மணி நேரம் வேலை செய்யுது, எப்படி அடிக்ட் ஆவாங்கன்னு ரெண்டு நிமிஷம் கடகடன்னு ஒப்பிச்சுச்சு. ஒரு வார்த்தை தப்பில்ல. ஆனா "என்னாச்சு, மாத்திரை ஏன் சீக்கிரம் தீந்துச்சு?"ன்னு அந்த ஆளுகிட்ட ஒரு கேள்வி கேக்கல. எங்க ஷீட்ல ஃபார்மகாலஜிக்கு மார்க் கட்டமே கிடையாது, அத உள்ள வந்து கத்துக்கலாம். அடுத்து வந்த பையனுக்கு மருந்து பேரே சரியா சொல்ல வரல, ஆனா "உக்காருங்க, முதல்ல வலி எப்படி இருக்கு சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சான், அவனுக்குத்தான் நான் அதிகமா போட்டேன்.

சிபாரிசுக் கடிதம் ரெண்டு மூணு கேப்பாங்க, உங்க பழைய க்யூசி மேனேஜர் ஒண்ணு குடுக்கலாம், ஆனா இங்க பாடம் எடுத்த ஒரு சயின்ஸ் ப்ரொஃபசர்கிட்ட ஒண்ணு வேணும், அதுக்கு முதல் மாசத்துல இருந்தே அவங்க ஆபீஸ் ஹவர்ஸ்ல போய் நிக்கணும், கடைசி வாரம் போய் லெட்டர் கேட்டா "நல்ல மாணவி, ஏ வாங்கினார்"னு ரெண்டு வரிதான் வரும். ஈஏடி இருக்குறதால ஒரு ஃபார்மசில டெக்னீஷியனா வேலைக்குச் சேருங்க, முக்கால்வாசி ஸ்கூல் அத கட்டாயம்னு சொல்லல, ஆனா நான் கட்டாயம்னு சொல்றேன், ஏன்னா கவுண்டர் பின்னாடி மூணு மாசம் நின்னு இன்சூரன்ஸ் ரிஜெக்ட் ஆன க்ளெய்மோட மல்லுக்கட்டிப் பாத்தாத்தான் இது உங்களுக்கு புடிக்குதா இல்ல, ஃபார்மசிஸ்ட்ங்கற பேருதான் புடிக்குதான்னு தெரியும். அங்க நல்ல ஃபார்மசிஸ்ட் இருந்தா மூணாவது லெட்டரும் ஆச்சு. டோஃபல்ங்கற இங்கிலீஷ் தேர்வ பல ஸ்கூல் கேக்கும், இங்க குறிப்பிட்ட கிரெடிட் முடிச்சவங்களுக்கு விட்டுக்குடுக்குறதும் உண்டு. பேக்ரவுண்ட் செக், ட்ரக் டெஸ்ட், தடுப்பூசி எல்லாம் சீட் கிடைச்ச அப்புறம். டிபி டெஸ்ட் வரும்போது மட்டும் தோல்ல குத்துறது வேணாம், ரத்த டெஸ்ட் எடுங்க, நமக்கெல்லாம் பிசிஜி போட்டிருக்கறதால தோல் டெஸ்ட் வீங்கி, தேவையில்லாம எக்ஸ்ரே, டாக்டர் லெட்டர்னு அலைய விடுவாங்க.

நீங்க கேக்காத ஒண்ணு, பணம். எச்-4 காரங்களுக்கு ஃபெடரல் ஸ்டூடண்ட் லோன் கிடையாது, ஈஏடி இருந்தாலும் கிடையாது. பிரைவேட் லோனுக்கு பெரும்பாலும் சிட்டிசனோ கிரீன் கார்டு காரரோ ஜாமீன் கையெழுத்து போடணும். தனியார் ஸ்கூல்னா நாலு வருஷ ஃபீஸ் மட்டுமே லட்சம் டாலர சாதாரணமா தாண்டும். உங்க ஸ்டேட் யூனிவர்சிட்டில எச்-4க்கு இன்-ஸ்டேட் ஃபீஸ், அதாவது அந்த ஸ்டேட்காரங்களுக்கான கொறஞ்ச ஃபீஸ் கிடைக்குமான்னு ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல முதல்லயே கேளுங்க, வித்தியாசம் பெருசு. இன்னொண்ணு, இப்ப அப்ளை பண்றவங்க எண்ணிக்கை கொறஞ்சு போனதால 140 ஸ்கூலும் ஆளப் புடிக்குது, சீட் கிடைக்குறது பத்து வருஷம் முன்னாடி இருந்த அளவுக்கு கஷ்டமில்ல. சந்தோஷப்படாதீங்க. லைசென்ஸ் எக்ஸாம் நாப்ளெக்ஸ்ல முதல் தடவையிலயே பாஸ் ஆகுறவங்க 80 சதவீதத்துக்கும் கீழ இறங்கின வருஷங்கள் சமீபத்துல வந்துச்சு. ஸ்கூல் வாரியா பாஸ் சதவீதத்த அந்த எக்ஸாம நடத்துற என்ஏபிபி வெளியிடுது, உங்க நாலஞ்சு ஸ்கூலுக்கும் எடுத்துப் பாருங்க, "உடனே சீட், ப்ரீரெக்விசிட் கூட பாதி போதும்"னு கூப்பிடுற ஸ்கூல் அந்தப் பட்டியல்ல எங்க நிக்குதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பையன வச்சுக்கிட்டு ஊர் மாற முடியாதுன்னா க்ரெய்ட்டன் யூனிவர்சிட்டில தொலைதூர வழி ஒண்ணு பல வருஷமா இருக்கு, லேபுக்கு மட்டும் ஓமஹா போய் இருந்துட்டு வரணும்.

மொத்தமா கணக்கு போட்டா ரெண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜ், நாலு வருஷம் ஸ்கூல், முடிக்கும்போது பையன் அஞ்சாவது படிப்பான். க்யூசி வேலைதான் உண்மையிலேயே புடிச்சிருந்துச்சுன்னா, எவாலுவேட் பண்ண பி.ஃபார்மோட மருந்து கம்பெனி க்யூசி, க்யூஏ வேலைக்கு இப்பவே அப்ளை பண்ணலாம், அதுக்கு ஃபார்மசிஸ்ட் லைசென்ஸ் தேவையே இல்ல. டெக்னீஷியன் வேலைல மூணு மாசம் நின்னுட்டு இந்தப் பத்திய திரும்பப் படிங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. டிரான்ஸ்கிரிப்டுக்கு எப்படியும் அப்பாவ கிண்டி யூனிவர்சிட்டி ஆபீஸுக்கு அனுப்பத்தான் போறீங்க, அப்ப உங்க பேட்ச் சிலபஸ் புக் ஒண்ணும், எந்தப் பேப்பருக்கு எத்தன மணி நேரம் தியரி, எத்தன மணி நேரம் ப்ராக்டிக்கல்னு இருக்குற பக்கத்தோட, சீல் வச்சு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. 2017க்கு அப்புறம் பாடத்திட்டமே செமஸ்டர் முறைக்கு மாறிடுச்சு, கவுண்டர்ல புது சிலபஸ எடுத்துக் குடுத்துடப் போறாங்க, 2011ல சேந்த பேட்ச்னு அப்பாகிட்ட ரெண்டு தடவ சொல்லி அனுப்புங்க.